ஆண்கள் விடுதியில் இருந்ததற்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

போன வருஷம் நான் ரிட்டயரான அன்று பிரிவுபசாரக் கூட்டத்தில் எட்டுப் பேர் என்னைப் பற்றிப் பேசினார்கள். எட்டும் பொய். அதில் பெரிய பொய் எங்கள் டெபுடி ரிஜிஸ்திரார் சொன்னது: வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளை நான் ஒரு தாயைப் போலப் பார்த்துக்கொண்டேனாம். மாலையும் சந்தனமுமாக உட்கார்ந்திருந்ததால் எழுந்து மறுக்க முடியவில்லை. முந்திரிப் பக்கோடாவை வாயில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டி வைத்தேன். இப்போது மறுக்கிறேன்.

திருவனந்தபுரத்தில் ஒரு பல்கலைக்கழகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். கடைசி ஏழு வருஷம் வெளிநாட்டு மாணவர் பிரிவில் செக்‌ஷன் ஆபீசர். வெளிநாட்டு மாணவர்கள் இருந்தால் பல்கலைக்கழகத்துக்குத் தர வரிசையில் மார்க் கூடும் என்று யாரோ கண்டுபிடித்து, இந்தப் பிரிவைத் தொடங்கினார்கள். மாணவர்களை வரவழைக்க வழவழப்பான புத்தகம் அச்சடித்தார்கள். வந்த பிறகு என்ன செய்வது என்று அதில் இல்லை. அதற்குத்தான் நாங்கள் இருந்தோம்.

நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். பிரான்சிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ ஒரு பிள்ளை ஆறு மாதம் வந்து இளநீர் குடித்துவிட்டுப் போனாலும் அதற்குத் தனிக் கோப்பு. தனி எண், தனி அட்டை, மேலே பெயர் தடித்த எழுத்தில். கென்யா, கானா, மலாவி, எத்தியோப்பியா என்று எங்கிருந்து வந்தவர்களானாலும் அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கோப்பு. ஒரே நாடாவால் கட்டிய தலையணை போன்ற கட்டு. அட்டையில் ‘ஆப்பிரிக்கா – பொது’ என்று எழுதியிருக்கும். கம்ப்யூட்டர் கோப்பு வந்த பிறகும் இந்தத் தலையணை அலமாரியில் அப்படியே இருந்தது.

எந்த மேலதிகாரியும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. நானே செய்தேன். எனக்கு அவர்கள் முகமெல்லாம் ஒன்றுபோல இருந்தது, பெயர்கள் வாயில் நுழையவில்லை, கோப்பு அட்டை ஸ்டோரில் தட்டுப்பாடு. இந்த மூன்று காரணங்களில் அட்டைத் தட்டுப்பாட்டை மட்டும் வெளியே சொன்னேன். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். சிக்கனமானவள் என்று பெயர்கூட வந்தது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் இதே ஊரில், கரமனை அக்ரஹாரத்தில் பிறந்தவள். எங்கள் குடும்பம் திருநெல்வேலியிலிருந்து கோவில் வேலைக்கு வந்து நாலைந்து தலைமுறை ஆகிறது. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் ‘பாண்டி’; தமிழர்களை மலையாளிகள் இளக்காரமாகச் சொல்லும் பெயர். தஞ்சாவூர்க்காரி, மதுரைக்காரி, நேற்று ரயிலில் வந்து இறங்கியவள், நான், எல்லோரும் ஒரே பாண்டி. அதைச் சொன்ன ஒருத்தியின் பின்னலை ஏழாம் வகுப்பில் பிடித்து இழுத்து, அரை நாள் வெளியே நின்றிருக்கிறேன். அப்படிப்பட்ட ரோஷக்காரிதான் ஐம்பத்துச் சொச்ச வயதில் ஒரு கண்டத்தையே ஒரே அட்டைக்குள் கட்டி அலமாரியில் ஏற்றினேன்.

எங்கள் பிரிவில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டு பேர். நான் ஒருத்தி. இன்னொருத்தி பாறசாலைப் பக்கத்திலிருந்து வரும் அசிஸ்டென்ட்; ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவள், மற்ற நாட்களில் என்னோடு ஊர் வம்பு பேசுகிறவள். மற்றவர்களுக்கு எங்கள் தமிழ் முழுதாகப் புரியாது என்ற தைரியத்தில் அதை ரகசிய மொழியாக வைத்திருந்தோம். கவுண்ட்டருக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றி அவர்கள் முகத்துக்கு நேரே கருத்துச் சொல்லுவோம். பொழுது நன்றாகப் போயிற்று.

ஒரு நாள் காலை ஒரு பெண் வந்து நின்றாள். தாவரவியலில் ஆராய்ச்சி செய்ய மலாவியிலிருந்து வந்தவள். முப்பது வயது இருக்கும். முதுகில் பெரிய பை, காலில் சேறு காய்ந்த ஷூ. ஏதோ ஒரு கையெழுத்துக்காக அந்த வாரத்தில் மூன்றாம் தடவை வந்திருந்தாள். நான் சிரித்த முகம் மாறாமல் பாறசாலைக்காரியிடம் தமிழில் சொன்னேன்.

“வந்துடுத்துடி கறுப்பழகி. இவாளுக்கெல்லாம் ஒரு தடவை சொன்னா மண்டையில ஏறாது போலருக்கு.”

கவுண்ட்டருக்கு வெளியிலிருந்து பதில் வந்தது. அதுவும் தமிழில்.

“ஒரு தடவகூட நீங்க ஒண்ணும் சொல்லலியே அக்கா. நாளைக்கு வா, நாளைக்கு வான்னுதான சொல்லுதீங்க. அதான் வந்திருக்கேன்.”

பாறசாலைக்காரி “எக்கா, கர்த்தாவே!” என்று சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் எதையோ தேடப் போனாள். எனக்கு மேசைக்கு அடியில் இடமில்லை. அன்றைக்கே கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன்.

விஷயம் என்னவென்றால், அவள் ஆராய்ச்சி பெரணிச் செடிகளைப் பற்றியது. விதுரா தாண்டி மலைமேல், போனக்காடு என்ற தேயிலை எஸ்டேட்டில் மாதக்கணக்கில் தங்கி ஈரப் பாறைகளைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறாள். அங்கே தொழிலாளர் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பம் இடம் கொடுத்தது. அவர்களோடு சமைத்து, சண்டை போட்டு, துணி துவைத்து, திருநெல்வேலித் தமிழைக் கற்றுக்கொண்டு இறங்கியிருக்கிறாள். எங்கள் குடும்பம் எப்போதோ தொலைத்த ஊர்ப் பேச்சு ஒரு மலாவிக்காரியின் வாயில் பத்திரமாக இருந்தது. அதைக் கேட்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

அதன் பிறகு அவள் அடிக்கடி வந்து ஸ்டூலில் உட்காருவாள். கதை சொல்லுவாள். பஸ்ஸில் எத்தனை கூட்டமானாலும் அவள் பக்கத்து சீட் காலியாகவே இருக்குமாம். “நல்லதுதான அக்கா, செடிப் பைய வச்சுக்குவேன். டிக்கெட் இல்லாம அதுக்கு ஒரு சீட்டு.” லேபில் அவளுக்குக் கொடுத்த இடம் வாஷ் பேசினுக்குப் பக்கத்தில். கண்ணாடிக் குழாய் எது உடைந்தாலும் முதலில் அவளைத்தான் கேட்பார்கள். அவள் விதுராவில் இருந்த வாரத்தில் உடைந்த குழாய்க்கும் அவளிடம்தான் கேட்டார்கள். அவளுடைய கைடு, பெரிய பேராசிரியர், உங்கள் ஊரில் மைக்ராஸ்கோப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டாராம். புகைப்படம் எடுக்கிறவர் வந்தால் மட்டும் அதே கைடு அவளை முன் வரிசைக்கு இழுத்து நடுவில் நிறுத்துவார். அந்த வழவழப்புப் புத்தகத்தில் மூன்று இடத்தில் அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் சிரித்துச் சிரித்துச் சொன்னதால் நாங்களும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் டீ குடித்தோம். வேறொன்றும் செய்யவில்லை.

ஒரு சமயம் அவளுக்கு வீடு தேவைப்பட்டது. ஊரெல்லாம் ‘வாடகைக்கு’ போர்டு. போனில் பேசும்போது காலியாக இருந்த வீடெல்லாம் அவள் நேரில் போனதும் நிரம்பிவிட்டது. அப்போது எங்கள் வீட்டு மாடிப் போர்ஷன் காலியாகத்தான் கிடந்தது. என் கணவர் சொன்னார்: “பொண்ணு தங்கமாவே இருக்கட்டும். தெருக்காரா வாயை நம்மால மூட முடியுமோ? பொண்ணும் மாப்பிள்ளையும் வரான்னு சொல்லிடு.” அவர் சொல்லாவிட்டால் நானே அதைச் சொல்லியிருப்பேன். எங்கள் பெண் பெங்களூரில் சொந்த வீடு வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. மலாவிக்காரி “சரிக்கா” என்று சொல்லிவிட்டு விடுதியிலேயே இருந்துவிட்டாள்.

இப்படியே ஐந்தாவது வருஷம் வந்தது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். வெளியூர்ப் பரிசோதகர்களின் அறிக்கை நன்றாக வந்திருந்தது. எல்லோர் முன்னாலும் நின்று கேள்விக்குப் பதில் சொல்லும் அந்தக் கடைசிக் கூட்டம் ஒன்றுதான் பாக்கி. அதற்குத் தேதியும் வைத்தாயிற்று. ஆனால் அவள் விசா அதற்குப் பதினெட்டு நாள் முன்னால் முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால், இவள் எங்கள் மாணவிதான், இவள் மேல் புகார் ஒன்றும் இல்லை என்று பல்கலைக்கழகம் ஒரு கடிதம் தர வேண்டும். கிடைக்காவிட்டால் பட்டம் வாங்காமலே ஊருக்குப் போக வேண்டும். ஐந்து வருஷம் பாறையைத் தடவியது வீண்.

“அக்கா, இந்த ஒரு பேப்பர்தான். பெறகு உங்க மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்,” என்றாள்.

நான் கோப்பில் குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். அரை நாளில் திரும்பி வந்தது. மார்ஜினில் டெபுடி ரிஜிஸ்திராரின் பச்சை மை: ‘பக்கம் 61 காண்க. புகார் உள்ளது. பேசவும்.’

பக்கம் 61 ஒரு விடுதி வார்டன் எழுதிய கடிதம். ‘ஓர் ஆப்பிரிக்க மாணவர்’ அறையில் கருவாடு வறுத்து நாற்றமடித்தார், சத்தமாகப் பாட்டு வைத்தார், கேட்ட வாட்ச்மேனைத் தள்ளினார். பெயர் இல்லை. அறை எண் இல்லை. எந்த நாடு என்றும் இல்லை. அவள் இந்தியாவுக்கு வருவதற்குப் பதினாலு மாதம் முன்னால் எழுதியது. அதுவும் ஆண்கள் விடுதி. கடிதம் வந்த அன்றைக்கே நான் அதைப் பொதுக் கோப்பில் சேர்த்து, சிவப்பு மையில் பக்க எண் போட்டிருக்கிறேன். யாருடையது என்று ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆப்பிரிக்கர் என்று இருந்தது, ஆப்பிரிக்காக் கோப்பில் போட்டேன். அவ்வளவுதான் யோசித்தது.

‘பேசவும்’ என்றால் போய்ப் பேச வேண்டும். டெபுடி ரிஜிஸ்திரார் கெட்டவர் இல்லை. பயந்தவர். தணிக்கைக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், வலி மாத்திரை, மேலதிகாரி, எல்லாவற்றுக்கும் பயம். மலையாளத்தில் பேசினார், இங்கே பாதியைத் தமிழாக்கிச் சொல்கிறேன்.

“மேடமே, புகார் உண்டல்லோ.”

“சார், அது மென்ஸ் ஹாஸ்டல். இவள் பெண்.”

“அது எனக்குத் தெரியும். ஃபைல் ஒண்ணுதானல்லோ?”

“கடிதம் எழுதின சமயத்தில் இவள் இந்த நாட்டிலேயே இல்லை சார்.”

“நாளைக்கு ஏதாவது ஆனா, புகார் இருந்தும் கடிதம் கொடுத்தது யாருன்னு கேட்பாங்க. நீங்கள் ரிட்டயராகிப் போயிடுவீங்க. நான் இருப்பேன்.”

“அப்படின்னா அந்தப் பேப்பரை எடுத்துடலாமா?”

அவர் இரண்டு கையையும் காதில் வைத்துக்கொண்டார். “பேஜ் நம்பர் போட்டாச்சே!”

ஆபீஸ் தெரியாதவர்களுக்கு இது புரியாது. எண் போட்ட பக்கத்தைக் கோப்பிலிருந்து எடுப்பது எங்கள் உலகத்தில் கொலைக்குச் சற்றுக் கீழே. தப்பான இடத்துக்கு வந்த காகிதத்தை வெளியே கொண்டுபோக ஒரே வழி, யார் எப்படித் தப்பாகச் சேர்த்தார் என்று ஒரு குறிப்பு எழுதி உத்தரவு வாங்குவது. நான்கு வரி போதும். அந்த நான்கு வரியை எழுத வேண்டியவள் நான்.

எழுதினால் விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வரும். எனக்கு ரிட்டயராக எட்டு மாதம் இருந்தது. இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு மெமோகூட வாங்காதவள் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. தாலிக்கு அடுத்தபடி அதைத்தான் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தேன். அதனால் நான்கு வரியை எழுதாமல் வேறு வழி பார்த்தேன்.

வேறு வழி என்பது மன்னிப்புக் கடிதம். எங்கள் ஆபீசில் எந்தச் சிக்கலுக்கும் இதுதான் கஷாயம். ஹால் டிக்கெட்டைத் தொலைத்தவன், தேதி தவறவிட்டவள், போஸ்டர் ஒட்டியவன், எல்லோரிடமும் ஒன்று எழுதி வாங்குவோம். தப்புச் செய்தவர்தான் எழுத வேண்டும் என்றுகூட இல்லை. யாராவது ஒருத்தர் வருந்துகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், கோப்பு மூடிவிடும். நாங்கள் இதை மாணவர்களுக்குச் செய்யும் உபகாரம் என்றே நினைத்திருந்தோம்.

மலாவிக்காரியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, காபி வாங்கிக் கொடுத்து, அன்பாகச் சொன்னேன். அவள் பக்கம் 61-ஐ இரண்டு முறை படித்தாள்.

“இது நான் இல்லியே அக்கா.”

“தெரியும்டி.”

“பெறகு நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?”

“சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. யாரும் படிக்கப் போறதில்லை.”

“இந்தப் பேப்பரு எப்பிடி எங்க ஃபைலுக்கு வந்துச்சு?”

“வந்து சேர்ந்திருக்கு,” என்றேன். “ஆபீஸ்ல அப்படித்தான்.”

அவள் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒரு கோபம் வந்தது. ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். காபி அப்படியே இருந்தது. எனக்கும் கோபம் வந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். உதவி செய்ய வந்தால் இத்தனை திமிரா என்று பாறசாலைக்காரியிடம் பொரிந்து தள்ளினேன்.

பாறசாலைக்காரி ஃபைலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “எக்கா, நான் ஒண்ணு சொன்னா கோவப்படாதிய. அவ எதுக்கு எழுதணும்? சேத்து வச்சது நீங்களாக்கும்.”

“உன்கிட்ட யாருடி கேட்டா?” என்றேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் மலாவிக்காரி ஒரு கவர் கொண்டுவந்து வைத்தாள். விசா முடிய நாலு நாள்தான் இருந்தது. அவளுக்கு வேறு வழி இல்லை. அது எனக்கும் தெரியும். உள்ளே ஆங்கிலத்தில், அழகான கையெழுத்தில் ஒரு கடிதம். எனக்கு மனப்பாடம். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

‘ஐயா, நான் இந்தியாவுக்கு வருவதற்குப் பதினாலு மாதங்களுக்கு முன்பு, தங்கள் ஆண்கள் விடுதியில் ஆணாக வசித்தபோது, கருவாடு வறுத்ததற்கும், பாட்டு வைத்ததற்கும், வாட்ச்மேனைத் தள்ளியதற்கும் மிகவும் வருந்துகிறேன். அதே நேரத்தில் நான் மலாவியின் லிலோங்வே நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன் என்பது என் குற்றத்தை எவ்விதத்திலும் குறைக்காது. கருவாட்டின் நாற்றம் அவ்வளவு தூரம் வந்ததற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். இனிமேல் ஆணாக இருக்க மாட்டேன் என உறுதி கூறுகிறேன்.’

படித்துவிட்டுக் கவருக்குள் திரும்பப் போட்டேன். “இதை எப்படி மேலே அனுப்புவேன்?” என்றேன்.

“யாரும் படிக்க மாட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?”

அனுப்பினேன். தலைப்பில் ‘மன்னிப்புக் கோருதல் – தொடர்பாக’ என்று இருந்தது. டெபுடி ரிஜிஸ்திரார் தலைப்பைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், பச்சை மையில் எழுதினார்: ‘மன்னிப்பு ஏற்கப்பட்டது. எச்சரிக்கப்பட்டார். கடிதம் வழங்கலாம்.’ அன்று சாயங்காலமே கடிதம் அடித்துக் கொடுத்தேன். நானும் பாறசாலைக்காரியும் சமாதானமாகி வயிறு வலிக்கச் சிரித்தோம். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

விசா கிடைத்தது. கடைசிக் கூட்டத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். அவள் பச்சைச் சேலை கட்டியிருந்தாள். எஸ்டேட்டிலிருந்து இரண்டு பெண்கள் வந்து கட்டிவிட்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் கேள்வி. ஒன்றுக்கும் தடுமாறவில்லை. முடிந்ததும் ஒரு பேராசிரியர் எழுந்து, உன் இங்கிலீஷ் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். அவள் நாட்டில் ஆட்சி மொழியே இங்கிலீஷ்தான். “உங்க இங்கிலீஷும் நல்லா இருக்கு சார்,” என்று அவளும் பாராட்டினாள். புகைப்படக்காரர் வந்தார். கைடு அவளை நடுவில் நிறுத்தினார்.

பட்டம் கைக்கு வர மூன்று மாதம் ஆயிற்று. ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் காலை நடத்தைச் சான்றிதழ் வாங்க வந்தாள். ஊரில் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சொல்லியிருந்தார்கள். மற்றக் காகிதங்களோடு இதையும் கேட்டிருந்தார்கள். எங்கள் சான்றிதழில் ஒரு சொல் மட்டும் மாறும். குற்றம் குறை இல்லாதவர்களுக்கு ‘நன்று’. மன்னிப்புக் கேட்டு எச்சரிக்கை வாங்கியவர்களுக்கு ‘திருப்திகரம்’. விதி அப்படி. கோப்பில் அவள் மன்னிப்பு இருந்தது. நான் ‘திருப்திகரம்’ என்று அடித்து, கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தேன். அவள் கவனிக்க மாட்டாள் என்று நினைத்தேன்.

கவனித்தாள். பெரணி இலையின் பின்பக்கத்துப் புள்ளிகளை ஐந்து வருஷம் எண்ணியவள்.

“நான் சிரிப்பா எழுதினத நிஜம்னு வச்சுக்கிட்டீங்களா அக்கா?”

நான் விதியைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள். “அந்தக் கருவாட்டுப் பேப்பர எங்க ஃபைல்ல வச்சது யாரு?”

பாறசாலைக்காரி தட்டச்சை நிறுத்திவிட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். பழைய செக்‌ஷன் ஆபீசர் என்றிருக்கலாம், அவர் செத்துப்போய்விட்டார். ஏனோ வாய் வரவில்லை.

“நான்தான்,” என்றேன்.

அவள் கத்தவில்லை. பையைத் திறந்து, தன் மன்னிப்புக் கடிதத்தின் நகலை எடுத்து என் முன்னால் வைத்தாள். “அப்பம் நீங்க ஒண்ணு எழுதுங்க. மாடல் இருக்கு, பாத்துக்கிடுங்க.”

எழுதினேன். சாப்பாட்டு நேரம் முழுக்க எழுதினேன். இருபத்தொன்பது வருஷம் குறிப்பு எழுதிய கை, நான்கு வரிக்குத் திணறியது. முதல் முறை, ‘தவறுதலாக ஒரு காகிதம் கோப்பில் சேர்ந்துவிட்டதாகக் காணப்படுகிறது’ என்று எழுதினேன். அவள் வாங்கிப் படித்தாள். “பேப்பர் தானா நடந்து வந்துச்சா?” திருப்பிக் கொடுத்தாள். இரண்டாம் முறை, ‘அலுவலகத்தால் சேர்க்கப்பட்டது’. “அலுவலகத்துக்குக் கையி இருக்கா அக்கா?” மறுபடி திருப்பினாள். நாங்கள் விண்ணப்பங்களைத் திருப்பும் அதே நிதானத்தோடு, தப்பான வரிக்குக் கீழே விரல் வைத்துத் திருப்பினாள். மூன்றாம் முறை எழுதினேன்: ‘இவர்களைத் தனித்தனி ஆட்களாக நான் பார்க்கவில்லை. அதனால் எல்லோருக்கும் ஒரே கோப்பு திறந்தேன். யாருடையது என்று விசாரிக்காமல் பக்கம் 61-ஐ அதில் சேர்த்தேன். அந்தத் தவறு என்னுடையது. அதை மறைக்க, செய்யாத தவறுக்கு இவரை மன்னிப்புக் கேட்க வைத்தேன்.’

அதை எழுதும்போது அழுதேன். மெமோவுக்குப் பயந்து அழுதேனா, வெட்கத்தில் அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் இருந்தது.

டெபுடி ரிஜிஸ்திரார் என் கடிதத்தைக் கடைசிவரை படித்தார். அவர் ஒரு காகிதத்தை முழுதாகப் படித்து அன்றுதான் பார்த்தேன். “இது வேணுமா மேடமே? ரிட்டயராக இனி நாலு மாசமல்லே உள்ளூ?” என்றார். வேண்டும் என்றேன். பெருமூச்சு விட்டுவிட்டு ‘நன்று’ என்று அடித்த புதிய சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். எனக்கு மெமோ அடுத்த வாரம் வந்தது. அதைப் பற்றி பிரிவுபசாரத்தில் யாரும் பேசவில்லை.

வராந்தா பெஞ்சில் காத்திருந்தவளிடம் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பையிலிருந்த தன் ஃபோல்டருக்குள் மடங்காமல் வைத்தாள். என்னைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். நான் அப்படி எதிர்பார்க்கிற ரகம்தான். அவள் பையை முதுகில் ஏற்றிக்கொண்டு கேட்டாள்.

“அந்தப் பேப்பரு எனக்கு முன்னாடி யாரையாவது கடிச்சிருக்கா அக்கா?”

“இல்லை, இல்லை. ஒருத்தரையும் இல்லை,” என்றேன். யோசிக்காமல் வாய் சொல்லிவிட்டது.

“நல்லது,” என்றாள். பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனாள்.

நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். பாறசாலைக்காரி கைகழுவப் போயிருந்தாள். தலையணைக் கோப்பு மேசையில் திறந்து கிடந்தது. அதுவரை என்ன வேண்டுமோ அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டியிருக்கிறேன். அன்றைக்கு முதல் தடவையாக 61-லிருந்து ஒவ்வொரு தாளாகத் திருப்பினேன்.

பக்கம் 83. கானாவிலிருந்து வந்து வணிகவியல் படித்த ஒருவர். கடைசி ஒரு பேப்பரை மறுபடி எழுத வேண்டும், விசா நீட்டிக்கக் கடிதம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். கூடவே ஒரு தனித் தாள்: ‘புகார் இருப்பதாகச் சொன்னார்கள். நான் ஒரு நாள்கூட விடுதியில் தங்கியதில்லை. வந்த நாளிலிருந்து பழவங்காடியில் ஒரு லாட்ஜில் இருக்கிறேன்.’ அந்த இரண்டாவது வாக்கியத்துக்குக் கீழே பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தார்.

அதற்குப் பக்கத்தில், மார்ஜினில், பென்சிலில் ஒரு டிக். படித்துவிட்டேன் என்பதற்கு நான் போடும் டிக். குறிப்புப் பக்கத்தில் என் கையெழுத்து: ‘பக்கம் 61 காண்க. பரிந்துரைக்க இயலவில்லை.’ அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு காகிதமும் இல்லை.

விண்ணப்பத்தில் அவர் போட்டோ ஒட்டியிருந்தது. நீலச் சட்டை, கழுத்துவரை பட்டன் போட்டிருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். நாலைந்து தடவையாவது என் மேசைக்கு முன்னால் வந்து நின்றிருப்பார். அந்த முகத்தைப் பார்த்த ஞாபகமே எனக்கு வரவில்லை.